காளிகாட் மாமா பதில்கள்: கறுப்பு ஸ்பெஷல்

‘இந்த முறை கறுப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள்’ என்று சென்ற இதழில் சொல்லிவைத்தேன். தபால்காரர் முறைக்கிற அளவுக்குக் கடிதங்கள். பாதிப் பேர் ‘கறுப்புப் பணம் எங்கே?’ என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் உள்ளே இருக்கிறது.

திண்டுக்கல் வாசகி: காளி ஏன் கறுப்பு, மாமா?

உரைகல்லில் வடித்தால் சந்தன நிறமாகவா இருப்பாள்? கொல்கத்தாவின் காளிகாட் அம்மன் கறுப்பு உரைகல். மூன்று பெரிய கண்கள், நான்கு கைகள், வெளியே நீண்டு தொங்கும் தங்க நாக்கு. ஆசாரி உரைகல்லில் தங்கத்தைத் தேய்த்து மாற்றுப் பார்ப்பார். இங்கே உரைகல்லே தங்கத்தை வாயில் வைத்துக்கொண்டு நம்மை மாற்றுப் பார்க்கிறது.

பத்தாம் வகுப்பு மாணவன், பாளையங்கோட்டை: கறுப்பு ஒரு நிறமா? இல்லை என்கிறார் வாத்தியார். பெயின்ட் கடைக்காரர் டப்பாவிலேயே தருகிறாரே?

வாத்தியார் ஒளியைச் சொல்கிறார், கடைக்காரர் சாயத்தைச் சொல்கிறார். மேலே விழுந்த ஒளியையெல்லாம் விழுங்கிவிட்டு ஒன்றும் திருப்பித் தராத பொருள் கண்ணுக்குக் கறுப்பு. பரீட்சையில் வாத்தியார் கட்சி, வீட்டு கேட்டுக்கு அடிக்கும்போது கடைக்காரர் கட்சி. தம்பி, பிழைக்கக் கற்றுக்கொள்!

லேக் மார்க்கெட் மாமி, கொல்கத்தா: உலகத்திலேயே அட்டக் கறுப்பு எது? என் வெந்நீர்த் தவலையின் அடியைத் தவிர.

2014-ல் சர்ரே நானோசிஸ்டம்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் வெளியிட்ட ‘வான்டாபிளாக்’. 99.965 சதவீத ஒளியை விழுங்கிவிடும். மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய்களை நெருக்கமாக நட்டுவைத்த பூச்சு. உள்ளே போன ஒளி குழாய்க்குக் குழாய் முட்டி மோதிச் சூடாகிச் செத்துவிடும்.

இதில் ஒரு குழாயடிச் சண்டையும் உண்டு. மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர், கலையில் இதைப் பயன்படுத்தும் உரிமையை 2016-ல் தனக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டார். ஸ்டூவர்ட் செம்பிள் என்ற ஓவியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைப் பறிக்கும் ஒரு பிங்க் பொடியைத் தயாரித்து, ‘அனிஷ் கபூர் தவிர யாரும் வாங்கலாம்’ என்று விற்றார். 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 99.995 சதவீதம் விழுங்கும் கறுப்பைக் காட்டி இருவரையும் ஓரங்கட்டியது.

உங்கள் தவலை, புளி போட்டுத் தேய்த்தால் பல்லை இளிக்கும். போட்டியிலேயே இல்லை, மாமி.

திருச்சி, ஓய்வுபெற்ற பாய்லர் ஊழியர்: சூரியனைக் ‘கரும்பொருள்’ என்கிறதாமே இயற்பியல். கிண்டலா?

நிஜம். தன்மேல் விழுவதை எல்லாம் விழுங்கி, தன் சூட்டுக்கு ஏற்றபடி மட்டும் கதிர் வீசுவது கரும்பொருள். சூரியன் ஏறக்குறைய அப்படித்தான். மேற்பரப்புச் சூடு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்.

அந்தக் கரும்பொருள் கதிர்வீச்சுக் கணக்கைப் புதுவழியில் போட்டவர் கல்கத்தாவில் பிறந்த சத்யேந்திரநாத் போஸ். 1924-ல் டாக்காவில் வாத்தியாராக இருந்தபோது ஐன்ஸ்டைனுக்குத் தபாலில் அனுப்பினார். ஐன்ஸ்டைனே ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சேற்றினார். இன்று துகள் உலகத்தில் ஒரு பெரும் பிரிவுக்கே ‘போசான்’ என்று பெயர்.

நோபல்? 2001-ல் கிடைத்தது. போஸும் ஐன்ஸ்டைனும் போட்ட கணக்கை ஆய்வகத்தில் செய்துகாட்டிய மூன்று பேருக்கு.

காரைக்குடி வாசகர்: விண்வெளிக் கருந்துளைக்கும் கல்கத்தாவுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறான் என் பேரன். ரீல்தானே?

பேரனுக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

1756 ஜூன் 20. நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரின் வில்லியம் கோட்டையைப் பிடித்த இரவு. கோட்டைக்குள் சுமார் 18 அடிக்கு 14 அடியில் ஒரு சிறைக் கொட்டடி. சிப்பாய்கள் மத்தியில் அதற்குப் பெயர் ‘பிளாக் ஹோல்’. அதில் 146 பேரை அடைத்தார்கள், விடிந்தபோது 23 பேருக்குத்தான் உயிர் இருந்தது என்று எழுதினார் உயிர்தப்பிய ஹால்வெல்.

அந்த எண்ணிக்கையைப் பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் நம்பவில்லை. அடைபட்டவர்களே 64 பேர்தான் இருக்கும் என்பது ஒரு கணக்கு. ஆனால் பிரிட்டிஷ் பாடப்புத்தகங்களுக்கு அந்த ஒரு ராத்திரியே போதுமானதாக இருந்தது, இந்தியாவைப் பிடித்ததற்கெல்லாம் நியாயம் சொல்ல. ஹால்வெல் பெயரில் நின்ற நினைவுத்தூணை அகற்றச் சொல்லி 1940-ல் கிளர்ச்சி தொடங்கினார் சுபாஷ் சந்திர போஸ். தூண் இப்போது செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்து மூலையில்.

இனிதான் விண்வெளி. 1960 வாக்கில் பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி, தன் எடை தாங்காமல் உள்ளே விழுந்து நொறுங்கும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசும்போது, ‘கல்கத்தாவின் பிளாக் ஹோல் மாதிரி’ என்பாராம். உள்ளே போனால் போனதுதான். 1964-ல் பெயர் அச்சுக்கு வந்தது, 1967-ல் ஜான் வீலர் வாயால் உலகம் சுற்றியது.

கல்கத்தாக்காரர்கள் இன்னும் இதற்கு ராயல்டி கேட்கவில்லை.

அதே காரைக்குடி, பேரன்: பேர் மட்டும்தான் கொடுத்ததா கல்கத்தா? கணக்கு?

பார்த்தீர்களா, மிட்டாய் வேலை செய்கிறது!

காளி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம் ஆசுதோஷ் கல்லூரிக்கு. அங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் அமல்குமார் ராய்சௌதுரி. பிறகு இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை வேறு, மனசு போன இடம் ஐன்ஸ்டைன் சமன்பாடுகள். 1955-ல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் வந்தது அவர் கட்டுரை. ஈர்ப்பு விசை பொருளை எப்படி ஒரே புள்ளியை நோக்கிக் குவித்துத் தள்ளும் என்று சொல்லும் ‘ராய்சௌதுரி சமன்பாடு’ அதில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து ரோஜர் பென்ரோஸ் கருந்துளைத் தேற்றத்தை நிறுவியபோது கைகொடுத்தது அதுதான். பென்ரோஸுக்கு நோபல் 2020-ல். ராய்சௌதுரி 2005-லேயே போய்விட்டார். நோபல் கமிட்டிக்குக் காளிகாட் ஸ்டேஷனில் இறங்கத் தெரியவில்லை.

நம்மாளையும் சொல்லிவிடுகிறேன். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்குப் போட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் ஒரு நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது, மேலும் நொறுங்கியாக வேண்டும். 1935-ல் வானியலாளர் எடிங்டன் அறிஞர் சபையிலேயே கேலி செய்தார். 1983-ல் நோபல். கேலிக்கு 48 வருஷம் கழித்து, வட்டியும் முதலுமாக.

ஸ்டூடியோக்காரர், கோவில்பட்டி: கருந்துளையை போட்டோ பிடித்துவிட்டார்களாமே! கறுப்பை எப்படி ஐயா போட்டோ எடுப்பது?

2019 ஏப்ரல் 10-ல் வெளியிட்டார்கள். சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில், எம்87 என்ற விண்மீன் மண்டலத்து நடுவில் இருப்பது. எடை 650 கோடி சூரியன்கள். நீங்கள் சந்தேகப்படுவது சரி, அதை எடுக்கவில்லை. அதைச் சுற்றிக் கொதிக்கும் வாயு வளையத்தை எடுத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் விழாத கல்யாண ஆல்பம். நடுவில் இருட்டாக ஓர் இடம், சுற்றிலும் பளபளவென்று சொந்தக்காரர்கள்.

வேதாரண்யம் வாசகர்: ராத்திரி ஏன் கறுப்பு? ‘சூரியன் இல்லாததால்’ என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

தப்பிக்கவில்லை. எல்லையில்லாத, ஆதியில்லாத பிரபஞ்சம் என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டும், ராத்திரியும் கண் கூச வேண்டும். 1823-ல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் இப்படி மண்டையைக் குடைந்தார். பதில்: பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டுதான். தூரத்து வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை. வந்ததிலும் பெரும்பங்கு, விண்வெளி விரிந்ததால் நம் கண்ணுக்குப் படாத அலையாக நீண்டுவிட்டது.

அமாவாசை இருட்டு என்பது பிரபஞ்சத்துக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு என்பதற்கு அத்தாட்சி.

சென்னை, ஓய்வுபெற்ற பேராசிரியர்: விஞ்ஞானிகளும் காளி பக்தர்களும் கல்கத்தாவில் நேருக்கு நேர் மோதியது உண்டா?

உண்டு, அதுவும் மேடையில். 1899 பிப்ரவரி 13, ஆல்பர்ட் ஹால். அயர்லாந்தில் பிறந்து, கல்கத்தாவுக்கு வந்து ஒரு வருஷமே ஆகியிருந்த விவேகானந்தரின் சீடர் நிவேதிதை காளியைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் எழுந்தார். ‘இந்த மூடநம்பிக்கையை ஒழிக்க நாங்கள் பாடுபடுகிறோம், வெளிநாட்டிலிருந்து வந்து நீங்கள் இதற்குத் தூபம் போடுகிறீர்களே’ என்று பொரிந்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் டாக்டரைக் கிழட்டுப் பிசாசு என்று திட்ட, ஹால் ரகளையானது.

நிவேதிதை அசரவில்லை. அதே வருஷம் மே 28-ல் காளிகாட் கோயிலிலேயே பேசினார். அங்கே நாற்காலி கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது விவேகானந்தரின் ஏற்பாடு. இந்த நிவேதிதையைத்தான் நம் பாரதி சந்தித்துக் குருவாக வரித்தார், 1908-ல் தன் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைக் காணிக்கையாக்கினார்.

இப்போது டாக்டர் பக்கம். ராமகிருஷ்ணரின் கடைசிக் காலத்தில் அவருக்கு வைத்தியம் பார்த்தவரே இந்த மகேந்திரலால்தான். வைத்தியம் பார்த்த நேரத்தைவிட வாதாடிய நேரம் அதிகம். 1876-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான், சற்று முன் ராய்சௌதுரிக்குச் சொன்னேனே, அந்த அறிவியல் வளர்ச்சிக் கழகம். பௌபஜார் தெருவில் இருந்த அதன் கட்டடத்தில்தான் 1928-ல் சி.வி. ராமன் ‘ராமன் விளைவை’க் கண்டுபிடித்தார். அதே தெருவில் ஃபிரிங்கி காளி கோயிலும் இருக்கிறது.

காளி டாக்டர்மீது வஞ்சம் எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.

நாகப்பட்டினம் மீனவ வாசகர்: ராமகிருஷ்ணர் காளியின் கறுப்புக்கு என்ன காரணம் சொன்னார்?

தூரத்திலிருந்து பார்ப்பதால் கறுப்பு என்றார். கடல் தள்ளி நின்று பார்த்தால் நீலம், கையில் அள்ளினால் நிறமே இல்லை. அம்மாவும் அப்படித்தான் என்றார். 1921-ல் ராமன் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துவிட்டு, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் அல்ல, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது என்று ஆராயத் தொடங்கினார். ஒருவர் கடலிலிருந்து காளிக்குப் போனார், இன்னொருவர் நோபலுக்குப் போனார். நீங்கள் தினம் போகிறீர்கள், டீசல் விலைகூடக் கட்டுவதில்லை.

சிவகாசி, அச்சகத் தொழிலாளி: சியான், மஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்தால் கறுப்பு வரவேண்டும். அப்புறம் ஏன் நாலாவதாகக் கறுப்பு பிளேட்?

தெரிந்துகொண்டே மாமாவைச் சோதிக்கிறீர்கள். மூன்றையும் ஏற்றிப் பார்த்தால் வருவது சேற்றுக் கலர். தாளும் நனைந்து ஊறிப்போகும். சின்ன எழுத்தில் ரெஜிஸ்டர் துளி நகர்ந்தால் ஒரு எழுத்துக்கு மூன்று நிழல். கறுப்பு மை மலிவு வேறு. முதலாளிக்குக் கடைசிக் காரணம் மட்டும் போதும்.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். காலண்டரில் காளியை ஏன் ஐயா நீலமாக அடிக்கிறீர்கள்?

கும்பகோணம், ஓவியக் கல்லூரி மாணவி: காளிகாட் ஓவியங்களில் கறுப்புக்கு என்ன வேலை?

முழு வேலையும் அதற்குத்தான், அம்மா.

19-ஆம் நூற்றாண்டில் கிராமங்களிலிருந்து பட்டுவா என்ற ஓவியர்கள் கோயிலைச் சுற்றிக் கடை போட்டார்கள். யாத்ரீகர்கள் ஊருக்கு எடுத்துப்போக மலிவாக ஒரு படம் வேண்டும். ஆலையில் செய்த மெல்லிய காகிதம். விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்துச் சுரண்டி, பசை கலந்தால் கறுப்பு தயார், காசு செலவில்லை. தூரிகைக்கு அணில் மயிர்.

கோட்டைப் பார். தோளில் ஆரம்பிக்கிறது, முழங்கையில் வளைகிறது, விரல் நுனியில் இளைத்து முடிகிறது. நடுவில் தூரிகையைத் தூக்கவே இல்லை. கோட்டுக்கு உட்பக்கமாகச் சாயத்தை நீர்விட்டு இழைத்தால் கை உருண்டு திரண்டு நிற்கும். பின்னணி? வெறும் காகிதம். நேரமில்லை, வாசலில் அடுத்த ரயில் கூட்டம்.

முதலில் காளி, துர்க்கை. பிறகு ஊர் வம்பு. ஆல்பர்ட் இளவரசர் மாதிரித் தலைவாரிக்கொண்டு, கொக்கி ஷூ போட்ட பாபுவை மனைவி துடைப்பத்தால் சாத்துகிறாள். நெற்றியில் நாமம், வாயில் இறால், அது போலிச் சாமியார்ப் பூனை. 1873-ல் தாரகேஸ்வரம் மடத்து மகந்தோடு சம்பந்தப்படுத்தப்பட்ட இளம் மனைவி எலோகேசியைக் கணவன் மீன் நறுக்கும் அரிவாள்மனையால் வெட்டிக் கொன்றான். கொலை, கோர்ட்டு, மகந்த் செக்கிழுப்பது எல்லாம் படமாக விற்றது. மஞ்சள் பத்திரிகை என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இவர்கள் அதை நாலு கலரில் நடத்தியிருக்கிறார்கள்.

ஜெர்மனியில் அச்சடித்த பளபளப் படங்கள் வந்து பட்டுவாக்களின் பிழைப்பில் மண் போட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடை காலி. அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆளானார் ஜாமினி ராய். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பதுதான் இவற்றின் மிகப் பெரிய தொகுப்பு. அதில் ஒரு பங்கு ருட்யார்ட் கிப்ளிங் 1917-ல் கொடுத்தது, அவர் அப்பா சேர்த்து வைத்திருந்தது.

ஊர்ச் சுவரில் ஒட்டியதைக் கரையான் தின்றது. கப்பலேறியது பிழைத்துக்கொண்டது.

விருதுநகர் வாசகி: தீபாவளி அன்று காளிகாட்டில் காளி பூஜை அமர்க்களப்படுமே?

வங்காளம் முழுக்க அன்று அமாவாசை இரவில் காளி பூஜை. காளிகாட்டில் மட்டும் அன்று அவளையே மகாலட்சுமியாக நினைத்துப் பூஜை. ஊரெல்லாம் தன் பேரைச் சொல்லும் நாளில் வேறு பேரில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஈரோடு வாசகர்: பெரியார் தொண்டருக்கும் கறுப்பு, ஐயப்ப பக்தருக்கும் கறுப்பு. எது அசல்?

பெரியார் 1945-ல் கருஞ்சட்டைப் படை அமைத்தார். நம்மீது சுமத்தப்பட்ட இழிவைச் சட்டையாகவே போட்டுக்காட்டுவது அவர் கணக்கு. கொடியிலும் கறுப்பு, நடுவில் அதை ஒழிக்கப் புறப்பட்ட சிவப்பு. 1946-ல் மதுரைக் கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தலையே எரித்தார்கள் என்றால், சட்டை சுருக்கென்று தைத்திருக்கிறது என்று அர்த்தம். ஐயப்ப பக்தருக்கு அது ஆசையை அடக்கும் விரத உடை. ஒருவர் இழிவைத் துறக்க, ஒருவர் இன்பத்தைத் துறக்க.

கார்த்திகை மாதத்து ஜவுளிக்கடைக்காரருக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

மதுரை, வக்கீல்: இந்த வெயிலில் கறுப்புக் கோட்டு எந்தப் பாவத்துக்கு?

இங்கிலாந்து ராஜ குடும்பத்துச் சாவுக்குத் துக்கம் காக்கப் போட்டது என்பார்கள். 1685-ல் இறந்த இரண்டாம் சார்லஸுக்கா, 1694-ல் இறந்த ராணி மேரிக்கா என்பதில் இரு கட்சி உண்டு. கல்கத்தா உயர் நீதிமன்றம் 1862 ஜூலையிலும், சென்னை ஆகஸ்டிலும் வந்தன. கோட்டும் கூடவே வந்தது. மூன்று நூற்றாண்டாகியும் துக்கம் முடியவில்லை. உங்கள் தொழிலில் எதுதான் வாய்தா இல்லாமல் முடிந்திருக்கிறது?

ராமநாதபுரம், துபாய் ரிட்டர்ன்: பாலைவனத்தில் பெதுயின்கள் கறுப்பு அங்கி போடுகிறார்களே, வேகாதா?

1980-ல் இதையே கேட்டு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்குகிறது, ஆனால் தோலுக்கு வந்து சேரும் சூடு இரண்டிலும் ஒன்றுதான். தொளதொள அங்கிக்குள் காற்று ஓடி, வாங்கிய சூட்டை வழியிலேயே கழற்றிவிடுகிறது. இறுக்கமான கறுப்பு ஜீன்ஸுக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

பெயர் வேண்டாம், சேலம்: பெண் பார்க்க வந்தவர்கள் ‘கொஞ்சம் கறுப்பு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், மாமா.

போனது நல்லது.

மனிதத் தோலில் மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மெலனினை எவ்வளவு தயாரிக்கிறது, எப்படிப் பரப்பி வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் குடையை உன் தோல் பெரிதாகப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இங்கேயும் இதே கூத்து. காலையில் காளிகாட்டில் கறுப்பு அம்மாவின் காலில் செம்பருத்தி மாலை, மாலையில் மகனுக்கு ‘ஃபர்ஷா’, அதாவது வெளுத்த, பெண் தேடி வரன் விளம்பரம். ‘ஃபேர் அண்டு லவ்லி’ 1975-ல் வந்தது. பெயரிலிருந்த ‘ஃபேர்’ 2020-ல்தான் போனது. டியூப் போகவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டுப் பதினொன்றாவதாகப் பெயின்ட் கடை ஷேட் கார்டை நீட்டும் வீட்டில் உனக்கு என்னம்மா வேலை?

அதே விஷயமாக இன்னொரு கேள்வி, தஞ்சாவூர்: வெள்ளையாக இருந்து கஷ்டப்பட்டவர்கள் யாராவது உண்டா?

விக்டோரியா மெமோரியல். ராணிக்காக எழுப்பி 1921-ல் திறந்த வெள்ளை வெளேர் மக்ரானா சலவைக்கல் மாளிகை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானம் கல்கத்தாமேல் குண்டு போட ஆரம்பித்ததும், நிலா வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்குமே என்று கறுப்புப் பூசி மறைத்தார்கள். பேரரசி தப்பித்தது கறுப்பானதால்.

நாமக்கல், இளம் தாய்: குழந்தைக்குக் கண்மை வைக்கலாமா? மாமியார் வை என்கிறார், டாக்டர் வேண்டாம் என்கிறார்.

டாக்டர் கட்சி. கடை மைகள் சிலவற்றில் ஈயம் இருக்கிறது, அமெரிக்காவில் அந்த மாதிரி மைக்கு அனுமதியே இல்லை. வீட்டில் விளக்கில் பிடித்ததும் கரித்தூள்தான், கண்ணுக்குள் அதற்கு வேலையில்லை. கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வையுங்கள். திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, மாமியார் கோபம் கழியும்.

கறுப்புப் பணம் எங்கே? (கட்டுக் கட்டாக வந்த கடிதங்கள்)

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். 2018-ல் ரிசர்வ் வங்கி எண்ணி முடித்துச் சொன்னது: 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. உள்ளே போனால் திரும்பாததுதான் கறுப்பு என்கிறது இயற்பியல். இது வரிசையில் நின்று, வெள்ளையாகக் குளித்து, பாஸ்புக்கோடு திரும்பியது.

தென்காசி வாசகர்: கறுப்புப் பூனை குறுக்கே போனால்?

ஒரு பூனை போனால் அபசகுனம். நாலு பக்கமும் கறுப்புப் பூனைகள் துப்பாக்கியோடு நடந்தால் நீங்கள் வி.ஐ.பி.

திருநள்ளாறு வாசகர்: சனிக்கு ஏன் கறுப்பு வஸ்திரம்?

மந்தமான கிரகத்துக்கு நம் ஆட்கள் கொடுத்த யூனிஃபார்ம். தொலைநோக்கியில் பாருங்கள், வெளிர் மஞ்சள் முகம், இடுப்பில் ஒட்டியாணம், அழகன்! சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. கணக்கு சுத்தம். பரிகாரக் கட்டணத்துக்கு மட்டும் சூத்திரம் கிடையாது.

சென்னை, சைதாப்பேட்டை: கூவம் ஏன் கறுப்பு? கொல்கத்தாவில் இப்படி உண்டா?

கூவத்துக்குக் காளிகாட்டில் ஓர் அக்கா இருக்கிறாள். பெயர் மட்டும் பெத்த பெயர்: ஆதிகங்கை. ஒரு காலத்தில் கங்கை கடலுக்குப் போன வழி. 1770-களில் வில்லியம் டாலி என்ற மேஜர் தூர்வாரி வெட்டினார், அதனால் ‘டாலி நாலா’. இப்போது கோயில் படித்துறையில் நின்று பார்த்தால் தார் மாதிரி நீர். தெற்கே போனால் ஆற்றுக்குள்ளேயே மெட்ரோ தூண்கள்.

காரணம் இரண்டு ஊரிலும் ஒன்று. சாக்கடை சேரச் சேர நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்ஃபைடு ஆகிறது. இந்தக் கறுப்புக்கு எந்தப் புராணமும் இல்லை, நாம்தான்.

வேலூர், ஓய்வுபெற்ற ஏட்டு: விரலில் மை தடவி ரேகை எடுக்க ஆரம்பித்தது ஸ்காட்லாந்து யார்டுதானே?

சல்யூட்டைத் திருப்பி அடியுங்கள். உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில், ரைட்டர்ஸ் பில்டிங்கில் தொடங்கியது. லண்டன் 1901-ல்தான். ரேகைகளை வகை பிரிக்கும் முறைக்குப் பெயர் ‘ஹென்றி முறை’, அதற்காக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு உதவி அதிகாரிகள். கையில் மை ஒட்டியது இவர்களுக்கு, பெயர் ஒட்டியது மேலதிகாரிக்கு.

பொள்ளாச்சி வாசகி: அத்தனை கறுப்புக்கு நடுவில் காளிகாட்டில் வெள்ளையே இல்லையா?

கோயிலை ஒட்டியே இருக்கிறது. காளி கோயில் யாத்ரீகர் சத்திரமாக இருந்த கட்டடத்தை மாநகராட்சி கொடுக்க, 1952-ல் அன்னை தெரசா அதில் நிர்மல் ஹிருதயைத் தொடங்கினார். தெருவில் சாகக் கிடந்தவர்களுக்குக் கடைசிப் படுக்கை. நீலக்கரை வெள்ளைப் புடவை உள்ளே, செம்பருத்தி மாலைக் கடை வெளியே. இதில் ஜோக்குக்கு இடமில்லை.

அம்பத்தூர், சினிமா ரசிகர்: காளியைப் பற்றி நல்ல படம் ஒன்று?

சத்யஜித் ரேயின் ‘தேவி’, 1960. மருமகள்தான் காளி என்று மாமனாருக்குக் கனவு வருகிறது. ஷர்மிளா தாகூருக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. கறுப்பு-வெள்ளைப் படம். கனவை நம்பினால் குடும்பம் என்ன ஆகும் என்பதைக் காட்டக் கலர் தேவைப்படவில்லை ரேவுக்கு.

திருப்பூர் வாசகர்: காளி பிரசாதம் அசைவமாமே?

காளிகாட்டில் ஆட்டுப் பலி இன்றும் உண்டு. டாங்ராவில் சீனர்கள் கும்பிடும் காளி கோயிலில் பிரசாதம் நூடுல்ஸ். நமக்குச் சர்க்கரைப் பொங்கல். அம்மாவுக்கு அஜீரணம் வந்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஆம்பூர் வாசகர்: அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறோம். காளிகாட் தரிசனத்துக்கு வழி சொல்லுங்கள்.

மெட்ரோவில் காளிகாட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த ஆகாய நடைபாதையும் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள். சனி, செவ்வாய், அமாவாசை வேண்டாம், நசுங்கிவிடுவீர்கள். ‘விஐபி தரிசனம்’ என்று கையைப் பிடித்து இழுப்பவரிடம் முதலில் தொகையைப் பேசுங்கள், பிறகு கையை விடுவித்துக்கொள்ளுங்கள், பிறகு பொது வரிசையில் நில்லுங்கள். சன்னிதியில் நமக்குக் கிடைப்பது சில விநாடிதான், போனை எடுத்து அதை வீணாக்காதீர்கள்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்குத் தலைப்பு உப்பு. கேள்வியைப் பென்சிலில் எழுதாதீர்கள், மாமாவுக்குக் கண் புரை ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. கறுப்பு மையில், தபால் கார்டில், நாலு வரிக்குள்.